பென்சிலுக்குப் பின்னால் சுழலும் நீர்: பின்தடத்தைப் பார்க்க, அளக்க, கணக்கிட ஒரு முழு வழிகாட்டி

ஆற்றுப் பாலத்தில் நின்று கீழே எட்டிப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் தண்ணீர் தூணில் வந்து மோதும் பக்கத்தையே பார்ப்பார்கள். சாலையைக் கடந்து மறுபக்கக் கைப்பிடிச் சுவருக்குப் போங்கள். வேடிக்கை அங்கேதான் நடக்கிறது. தூணின் முதுகை ஒட்டி நீர் தயங்கி நிற்கும். கொஞ்சம் தள்ளி இடப்பக்கம் ஒரு சுழி கழன்று போகும், சற்று நேரத்தில் வலப்பக்கம் ஒன்று, மறுபடி இடப்பக்கம். ஆறு ஒரே சீராக வந்துகொண்டிருக்கிறது, தூணும் அசையவில்லை. அப்படியென்றால் இந்தத் தாளத்தை யார் போடுகிறார்கள்?

பொருளுக்குப் பின்னால் இப்படிக் கலங்கி நீளும் பகுதியைப் பின்தடம் என்று இங்கே சொல்கிறேன். படகு போன பிறகு நீரில் தெரிகிற தடத்தின் அதே குடும்பம்தான். இந்த வழிகாட்டியில் முதலில் அதை ஒரு தட்டு நீரில் கண்ணால் பார்ப்போம். பிறகு எண்ணுவோம், காரணம் தேடுவோம், கடைசியில் மின்கம்பி, புகைபோக்கி, கிரிக்கெட் பந்து என்று வெளியே எடுத்துப் போவோம். பத்தாம் வகுப்புக் கணக்கு போதும். ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்: பின்தடம் காணப்படுவது பொருளுக்குப் பின்னால், ஆனால் அது பிறப்பது பின்னால் அல்ல, பொருளின் தோலில்.

படி 1: ஒரே ஒரு எண்ணைக் கணக்கிடுங்கள்

ஓட்டத்துக்கு இரண்டு குணம் உண்டு. ஓடுகிற திசையிலேயே ஓடிக்கொண்டிருக்க வேண்டும் என்பது ஒன்று. பக்கத்து அடுக்கோடு ஒட்டி, இழுபட்டு, வேகம் குறைய வேண்டும் என்பது மற்றொன்று. முதலாவது நிலைமம், இரண்டாவது பாகுத்தன்மை. இந்த இழுபறியில் யார் கை ஓங்கியிருக்கிறது என்று சொல்வதுதான் ரெனால்ட்ஸ் எண். மான்செஸ்டரில் பேராசிரியராக இருந்த ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ், கண்ணாடிக் குழாயில் ஓடும் நீருக்குள் சாயக்கோடு விட்டுப் பார்த்து 1883இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்தது.

வேகத்தை விட்டத்தால் பெருக்கி, பாய்மத்தின் (ஓடுகிற நீர் அல்லது காற்றின்) இயக்கப் பாகுநிலையால், அதாவது பாகுத்தன்மையை அடர்த்தியால் வகுத்து வரும் எண்ணால், வகுக்க வேண்டும், அவ்வளவுதான். எல்லாவற்றையும் மில்லிமீட்டரிலும் நொடியிலும் எடுத்துக்கொண்டால் மனக்கணக்காகவே போட்டுவிடலாம். நம்மூர் வெப்பநிலையில், அதாவது 30 டிகிரியில், நீரின் இயக்கப் பாகுநிலை நொடிக்கு சுமார் 0.8 சதுர மி.மீ., காற்றுக்கு சுமார் 16. ஆமாம், காற்றுக்குத்தான் அதிகம். பாகுத்தன்மை குறைவுதான், ஆனால் அடர்த்தி அதைவிடக் குறைவு. வகுத்தால் காற்று நீரைவிட 20 மடங்கு மேலே நிற்கிறது. முதல் தடவை கேட்பவர் யாரும் நம்புவதில்லை.

7 மி.மீ. தடிப்புள்ள பென்சில் நீரில் நொடிக்கு 20 மி.மீ. வேகத்தில் நகர்ந்தால்: 20 × 7 ÷ 0.8 = 175. தேன் புட்டிக்குள் கரண்டிக் காம்பை மெதுவாக இழுத்தால் இந்த எண் ஒன்றைக்கூட எட்டாது. ஒரு மீட்டர் தூணை நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் ஆறு கடந்தால் பன்னிரண்டு லட்சத்தைத் தாண்டிவிடும்.

இதில் அழகு என்னவென்றால், பாய்மம் எது, பொருள் எவ்வளவு பெரியது என்பது ஓட்டத்துக்குத் தெரியாது. எண் ஒன்றாக இருந்தால் வடிவமும் ஒன்றாக இருக்கும். தட்டில் பென்சிலை இழுப்பது விளையாட்டாகத் தெரிந்தாலும் உண்மையான சோதனையாக இருப்பது இதனால்தான்.

உருண்டைத் தண்டுக்கு, அதாவது உருளைக்கு, எல்லைகள் ஏறத்தாழ இப்படி. 5க்குக் கீழே நீர் தண்டை அணைத்தபடி சுற்றிப்போய்ப் பின்னால் அமைதியாகச் சேர்ந்துவிடும். 5 முதல் 47 வரை முதுகில் இரண்டு சுழல்கள் இரட்டைப் பிள்ளைகள்போல் ஒட்டிக்கொண்டு அசையாமல் நிற்கும். 47ஐத் தாண்டியதும் அவை நிலைகொள்ளாமல், மாறி மாறிக் கழன்று வரிசையாகப் போகத் தொடங்கும். 190 வாக்கில் இந்த ஒழுங்கான சுழல்களே நெளிந்து முப்பரிமாணமாகும். 300க்கு மேல் பின்தடத்துக்குள் கொந்தளிப்பு. ஆனாலும் மாறி மாறிக் கழலும் தாளம் மட்டும் விடாது. இரண்டு மூன்று லட்சத்தில் இன்னொரு பெரிய திருப்பம் இருக்கிறது. அதைப் பந்துக்கு வரும்போது பார்க்கலாம்.

படி 2: தட்டைத் தயார் செய்யுங்கள்

தேவையானவை: 40 செ.மீ.க்கு மேல் நீளமும் 20 செ.மீ. அகலமும் உள்ள தட்டையான ட்ரே; அடியில் போட ஒரு கறுப்பு பிளாஸ்டிக் தாள்; 7 மி.மீ. தடிப்பில் ஓர் உருண்டைப் பென்சில், பழைய சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பி ஒன்று (பொதுவாக 2 மி.மீ. இருக்கும்), கொஞ்சம் கன்டென்ஸ்டு மில்க், ஒரு நீளமான ஸ்கேல், மேலிருந்து படம் பிடிக்க போன். அறுகோணப் பென்சில் வேண்டாம். முனை இருந்தால் ஓட்டம் எங்கே பிரிய வேண்டும் என்பதை முனையே முடிவு செய்துவிடும். நமக்கு ஓட்டம் தானாக முடிவெடுப்பதைப் பார்க்க வேண்டும்.

ட்ரேயில் 2 செ.மீ. உயரத்துக்கு நீர் ஊற்றுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். நாலைந்து நிமிடம் அப்படியே விடுங்கள். இந்தக் காத்திருப்பைத் தவிர்த்துவிட்டு, "எனக்கு வரவில்லை" என்பவர்கள்தான் அதிகம். கண்ணுக்கு அசையாததாகத் தெரியும் நீர் உள்ளுக்குள் வெகுநேரம் சுற்றிக்கொண்டிருக்கும்.

குழாயைத் திறந்து நீரை ஓட விட்டு நடுவில் பென்சிலை நிறுத்தலாமே என்று தோன்றும். செய்யாதீர்கள். ஓடும் நீர் ட்ரேயின் அடியில் உரசி வேகம் இழந்து, மேலே ஒரு வேகம் கீழே ஒரு வேகம் என்றாகிவிடும். நீர் நிற்கட்டும், பென்சில் நகரட்டும். பென்சிலின் பார்வையில் இரண்டும் ஒன்றுதான்.

நீரின் மேல் பவுடர் தூவிப் பார்ப்பது இன்னொரு பழைய வழி. நான் முதலில் அப்படித்தான் செய்து ஏமாந்தேன். நுண்ணிய பொடி மேற்பரப்பில் ஆடைபோல் படர்ந்து, அதுவே ஒரு மெல்லிய தோலாகி, கீழே நடப்பதை மறைத்துவிட்டது. கன்டென்ஸ்டு மில்க்கைச் சில துளி நீர் விட்டு இளக்கி, பென்சிலின் நனையும் பகுதியில் பூசுவதே மேல். வேறு காரணமும் உண்டு: அந்த வெள்ளை, பென்சிலின் தோலில் இருந்தே கழுவிப் போகிறது. ஆகவே நீருக்குள் வெள்ளையாகத் தெரிவது எல்லாம் தோலை உரசி வந்த நீர்.

படி 3: முதலில் மெதுவாக, அப்புறம் வேகமாக

ஸ்போக்ஸ் கம்பியோடு தொடங்குங்கள். பாலைப் பூசி, ட்ரேயின் ஓரத்தில் செங்குத்தாக, அடியைத் தொடும்படி இறக்குங்கள். ஸ்கேலை ட்ரேயின் மேல் வைத்து அதை ஒட்டி இழுத்தால் கை ஆடாது. போனில் தாளம் தட்டும் மெட்ரோனோம் செயலியை நொடிக்கு ஒரு தட்டு என்று வைத்து, தட்டுக்கு 1.2 செ.மீ. நகர்த்துங்கள். நின்று நின்று போகாமல் வழுக்கிக்கொண்டே போக வேண்டும். ரெனால்ட்ஸ் எண் 30.

கம்பிக்குப் பின்னால் வெள்ளையாக ஒரே நேர்கோடு நீளும். கோலப்பொடியில் இழுத்த கம்பிபோல் இருக்கும். கேமராவை நெருக்கமாகக் கொண்டுபோனால், கம்பியின் முதுகில் மூன்று மி.மீ. நீளத்தில் இரட்டைச் சுழல் ஒட்டியிருப்பதும், இரண்டு பக்கமும் வந்த வெள்ளை இழைகள் அதன் வாலில் சேர்ந்து ஒரே கோடாவதும் தெரியும்.

கம்பியைக் கழுவித் துடைத்து, மறுபடி பால் பூசி, நீர் அடங்கிய பிறகு இப்போது நொடிக்கு 4 செ.மீ. எண் 100. அதே கம்பி, அதே நீர், மூன்று மடங்கு வேகம் மட்டும். நேர்கோடு நெளியத் தொடங்கி, நெளிவுகள் சுருண்டு, இடமும் வலமுமாகச் சின்னச் சின்னச் சுருள்கள் வரிசை கட்டி நிற்கும். நீங்கள் கையை எடுத்த பிறகும் சில நொடிகள் அவை சுற்றிக்கொண்டே இருக்கும். இதுதான் கார்மன் சுழல்வரிசை.

பென்சிலை நொடிக்கு 2 செ.மீ. வேகத்தில் இழுத்தால் எல்லாமே பெரிதாகத் தெரியும். குழந்தைகளுக்குக் காட்டுவதென்றால் நேராக இதற்கே வந்துவிடலாம்.

வேகத்துக்கு ஒரு மேல்வரம்பும் உண்டு: நொடிக்கு 23 செ.மீ. நீர்ப்பரப்பில் எழக்கூடிய அலைகளிலேயே மிக மெதுவானது இந்த வேகத்தில்தான் நகர்கிறது. அதைவிட மெதுவாகச் சீராக இழுத்தால் பென்சில் தன்னோடு சேர்ந்து வரும் அலைகளைக் கிளப்ப முடியாது. தாண்டினால் அலையும் சுழலும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து குழப்பும்.

படி 4: எண்ணுங்கள், கடிகாரம் வேண்டாம்

கழலும் சுழல்களின் அதிர்வெண்ணை விட்டத்தால் பெருக்கி வேகத்தால் வகுத்தால் வரும் எண்ணுக்கு ஸ்ட்ரூஹால் எண் என்று பெயர். செக் இயற்பியலாளர் வின்சென்ட்ஸ் ஸ்ட்ரூஹால் 1878இல் கம்பிகளைக் காற்றில் சுழற்றி, எழும் ஒலியைக் கேட்டுக் கண்டது. கம்பி எந்த உலோகம், எவ்வளவு முறுக்கிக் கட்டியது, எவ்வளவு நீளம் என்பதெல்லாம் ஒலியின் சுருதியைப் பாதிக்கவில்லை. வேகமும் தடிப்பும் மட்டுமே பாதித்தன. வீணைக் கம்பியின் கதை வேறு, இது வேறு என்பது அன்றைக்குப் பெரிய செய்தி. உருளைக்கு இந்த எண், ரெனால்ட்ஸ் எண் 300இலிருந்து ஒரு லட்சம் வரை ஏறத்தாழ 0.2 என்றே நிற்கிறது. 175இல் சுமார் 0.19, 100இல் 0.165 வாக்கில்.

அதிர்வெண்ணை அளக்க வேகம் தெரிய வேண்டுமே, என் கை அவ்வளவு சீராகப் போகாதே என்று கவலைப்பட வேண்டாம். நீங்கள் இழுத்த நீளத்தில் எத்தனை ஜோடிச் சுழல் விழுந்தது என்று எண்ணினால் வேகம் கணக்கிலிருந்தே விழுந்துவிடும். ஜோடிகளின் எண்ணிக்கை, இழுத்த நீளத்தை விட்டத்தால் வகுத்து ஸ்ட்ரூஹால் எண்ணால் பெருக்கியதற்குச் சமம். பென்சிலை 40 செ.மீ., அதாவது 400 மி.மீ., இழுத்தால்: 400 ÷ 7 × 0.19, அதாவது 11 ஜோடி. தொடங்கிய முதல் சில செ.மீ.யில் இரண்டு பக்கமும் சமமாகவே இருக்கும், தாளம் பிடிக்க நேரம் எடுக்கும். ஆகவே எட்டு, ஒன்பது எண்ணினீர்கள் என்றால் சோதனை நன்றாகவே வந்திருக்கிறது.

ஒரே பக்கத்து இரண்டு சுழல்களுக்கு நடுவே இடைவெளி 3 செ.மீ.க்குச் சற்று மேல் இருக்கும். கணக்குப்படி 3.7 வர வேண்டும். குறைவது ஏனென்றால், கழன்ற சுழல்கள் அப்படியே நின்றுவிடுவதில்லை. கொஞ்சம் பென்சிலின் பின்னாலேயே ஊர்ந்து வருகின்றன.

படி 5: தோலில் நடப்பது

இனிதான் காரணம். பாகுத்தன்மையே இல்லாத கற்பனைப் பாய்மத்தை எடுத்துக்கொண்டால், உருளையின் முன்னால் ஓட்டம் எப்படிப் பிரிகிறதோ அப்படியே பின்னால் கண்ணாடிப் பிம்பமாகச் சேர்ந்துவிடும், முன்னால் தள்ளும் அழுத்தத்தைப் பின்னால் தள்ளும் அழுத்தம் சரிக்கட்டிவிடும், பொருளை ஓட்டம் தன்னோடு இழுக்கும் இழுவிசை பூஜ்யம். பிரெஞ்சு அறிஞர் தலம்பேர் 1752இல் இந்த முடிவுக்கு வந்து திகைத்தார். கணக்கில் பிழை இல்லை, ஆனால் ஆற்றில் இறங்கி நின்ற யாருக்கும் அது பொய் என்று தெரியும். 150 ஆண்டு இந்த முடிச்சு அவிழவில்லை.

1904இல் ஹைடல்பர்க்கில் நடந்த கணித மாநாட்டில் ஜெர்மன் விஞ்ஞானி லுட்விக் பிராண்டல் அதை அவிழ்த்தார். பாய்மம் திடப்பரப்பைத் தொடும் இடத்தில் வழுக்குவதில்லை, ஒட்டிக்கொள்கிறது. (ஓடும் மின்விசிறியின் இறக்கையில் தூசி படிந்திருப்பதைப் பார்த்திருப்பீர்களே.) தோலில் வேகம் பூஜ்யம், கொஞ்சம் தள்ளினால் முழு வேகம். இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள மெல்லிய பகுதிதான் எல்லை அடுக்கு. பாகுத்தன்மை எவ்வளவு சிறியதாக இருந்தாலும் இந்த அடுக்குக்குள் அதற்கு முழு அதிகாரம் உண்டு.

இப்போது அந்த அடுக்கில் ஒரு துளி நீராக நீங்கள் பயணம் செய்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். உருளையின் நெற்றியில் அழுத்தம் அதிகம். அங்கிருந்து பக்கவாட்டுக்குப் போகப் போக அழுத்தம் குறைகிறது. சரிவில் இறங்கும் சைக்கிள் மாதிரி, மிதிக்காமலே வேகம் கூடுகிறது. விலாவைத் தாண்டி முதுகுக்குத் திரும்பும்போது அழுத்தம் மறுபடி ஏறுகிறது. இப்போது மேடு. உராய்வே இல்லாவிட்டால் இறங்கிய வேகம் ஏறுவதற்குச் சரியாகப் போதும். ஆனால் நீங்கள் தோலை உரசிக்கொண்டு வந்தவர், வழியெல்லாம் வரி கட்டியவர். பாதி மேட்டிலேயே வேகம் தீர்ந்துவிடும். நின்று, பின்னோக்கி உருளத் தொடங்குவீர்கள். பின்னால் வருபவர்களுக்கு வழி அடைபடும். அவர்கள் தோலை விட்டு விலகி வெளியே போவார்கள். இந்த விலகல்தான் பிரிவு. சாதாரண வேகங்களில், நெற்றியிலிருந்து சுமார் 80 டிகிரியிலேயே, அதாவது விலாவை எட்டுவதற்கும் முன்பே, இது நடந்துவிடுகிறது.

பிரிந்த பிறகு முதுகுப் பக்கம் முழுக்க அழுத்தம் குறைந்தே கிடக்கும். முன்னால் தள்ளுவதற்குப் பின்னாலிருந்து பதில் இல்லை. அந்த வித்தியாசம்தான் நாம் உணரும் இழுவிசையில் பெரும்பகுதி. வண்டியின் மூக்கைக் கூராக்கினால் காற்று கிழிபடும் என்று நினைக்கிறோம். உண்மையில் பெரிய லாபம் வாலில். மீனைப் பாருங்கள்: முன்னே உருண்டை, பின்னே நீண்டு மெலிகிறது. மேடு மெதுவாக ஏறினால் துளி சோர்ந்து விழாது. இப்படி வடிவமைத்த தண்டு, வெறும் உருண்டைக் கம்பியைவிடச் சுமார் பத்து மடங்கு தடித்திருந்தாலும் இரண்டுக்கும் இழுவிசை கிட்டத்தட்ட ஒன்றுதான்.

முதுகில் ஓட்டம் திரும்பி வருவதை ஒரு மெழுகுவர்த்தியாலும் பார்க்கலாம். அகலமான அட்டையின் பின்னால் மெழுகுவர்த்தியை ஏற்றி வைத்து, அட்டையின் நடுவை நோக்கி ஊதுங்கள். சுடர் உங்களை விட்டு விலகாமல், உங்களை நோக்கிச் சாயும். அட்டையை எடுத்துவிட்டு உருண்டைப் பாட்டிலை வைத்து ஊதினால் சுடர் அணைந்தே போகும். பாட்டிலின் வளைவை ஒட்டிக்கொண்டு காற்று வெகுதூரம் சுற்றிவிடுகிறது.

படி 6: ஏன் மாறி மாறி?

1911இல் ஜெர்மனியின் கெட்டிங்கனில் பிராண்டலின் மாணவர் ஹீமென்ட்ஸ், உருளையைச் சுற்றியுள்ள ஓட்டத்தை அளக்க ஒரு நீர்க் கால்வாய் கட்டினார். ஓட்டம் சீராக நிற்கவே மாட்டேன் என்றது. உருளை சரியான வட்டமாக இல்லை என்று பிராண்டல் சொல்ல, அதைக் கடைந்து திருத்தினார். ஆட்டம் நிற்கவில்லை. கால்வாயின் இரு பக்கமும் ஒத்திருக்கவில்லையோ என்று அதையும் சரிசெய்தார். அப்போதும் ஆட்டம். அங்கே இருந்த இளைஞர் தியோடர் ஃபான் கார்மன் தினமும் காலையில் வந்து, ஓட்டம் சீராகிவிட்டதா என்று விசாரிப்பாராம். எப்போதும் ஆடுகிறதென்றால் அதற்கு இயல்பான காரணம் இருக்க வேண்டும் என்று தோன்றி, கணக்குப் போட்டார். எதிரெதிரே ஜோடியாக நிற்கும் சுழல் வரிசை எந்த வகையிலும் நிலைக்காது. ஒன்றுவிட்டு ஒன்று மாறி நிற்கும் வரிசை மட்டும், அதுவும் இரு வரிசைகளுக்கு இடையேயான அகலம் சுழல்களின் இடைவெளியில் 0.281 மடங்காக இருக்கும்போது, தாக்குப்பிடிக்கும் என்று வந்தது. சுழல்வரிசையை முதலில் கண்டவர் அவர் அல்ல. பிரான்சில் ஹென்றி பெனார் அதற்கு முன்பே அதைப் பார்த்துப் பதிவு செய்திருந்தார். பெயர் மட்டும் கார்மனுக்குப் போனது.

கணக்கு சொல்லாத பகுதியை இப்படிப் புரிந்துகொள்ளலாம். தோலை விட்டுப் பிரிந்த இரண்டு இழைகளும் ஆளுக்கொரு பக்கம் எதிரெதிர்த் திசையில் சுருள்கின்றன. ஏதோ ஒரு சிறு ஆட்டத்தில் இடப்பக்கச் சுழல் சற்றுப் பெரிதாகிவிட்டால், அது எதிர்ப்பக்க இழையைத் தன் பக்கம் இழுக்கும். அந்த இழை குறுக்கே பாய்ந்து இடப்பக்கச் சுழலுக்குப் போகும் தீனியைத் துண்டித்துவிடும். தீனி அறுந்த சுழல் கழன்று போகும். இப்போது வலப்பக்கத்தின் முறை. வளர்ந்த ஒவ்வொரு சுழலும் தன் முடிவைத் தானே அழைத்துக்கொள்கிறது.

இது சரிதானா என்று நீங்களே சோதிக்கலாம். குறுக்கே வரும் வழியை அடைத்துவிட்டால் தாளம் நிற்க வேண்டும் அல்லவா? பழைய ஏடிஎம் அட்டையில் 3.5 செ.மீ. நீளத் துண்டு வெட்டி, பென்சிலின் முதுகில் வால்போல் செங்குத்தாக ஒட்டி, மறுபடி இழுங்கள். பென்சிலை ஒட்டிச் சுழல்கள் மாறி மாறிக் கழல்வது நின்றுபோகும். வாலைத் தாண்டி வெகுதூரம் போன பிறகு வேண்டுமானால் தடம் கொஞ்சம் நெளியலாம். 1950களில் அமெரிக்காவில் அனடோல் ரோஷ்கோ, விட்டத்தைப்போல் ஐந்து மடங்கு நீளத் தகட்டை உருளையின் பின்னால் வைத்து இதையே காற்றில் செய்து காட்டினார். இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு சோதனைக்குத்தான் நேரம் இருக்கிறதென்றால் இதைச் செய்யுங்கள்.

படி 7: வெளியே எடுத்துப் போங்கள்

சிலம்பக் கம்பு சுழலும்போது எழும் 'விர்ர்' உங்களுக்குத் தெரியும். கம்பு 2.5 செ.மீ. தடிப்பு, நுனி வேகம் நொடிக்கு 15 மீட்டர் என்று வைத்தால்: 0.2 × 15 ÷ 0.025 = 120. நொடிக்கு 120 அதிர்வு, கனமான ஒலி. கைப்பிடியை நோக்கி வர வர வேகம் குறைவதால் சுருதி ஒன்றாக இல்லாமல் பல சுருதிகள் கலந்த இரைச்சலாகக் கேட்கிறது. மூன்று மி.மீ. கொடிக்கம்பியில் நொடிக்கு 6 மீட்டர் காற்றடித்தால் 400 அதிர்வு. அது பாட்டுப்போலவே கேட்கும்.

உயர் அழுத்த மின்கோபுரங்களுக்கு அருகே கம்பியின் அடியில் சின்ன டம்பெல் மாதிரி ஒன்று தொங்குவதைக் கவனித்திருக்கிறீர்களா? அது ஸ்டாக்பிரிட்ஜ் அதிர்வடக்கி. நம் நாட்டு 400 கிலோவோல்ட் தடங்களில் பரவலாக உள்ள 'மூஸ்' வகைக் கம்பியின் விட்டம் 31.77 மி.மீ. நொடிக்கு 4 மீட்டர் தென்றலில் அதன் பின்னால் நொடிக்கு 25 ஜோடிச் சுழல்கள் கழலும். ஒவ்வொன்றும் கம்பியை ஒரு சின்னத் தட்டுத் தட்டும். கண்ணுக்குத் தெரியாத ஆட்டம்தான், ஆனால் வருடக்கணக்கில் நடந்தால் பிடிமானத்தின் அருகே இழைகள் களைத்து அறுந்துபோகும். அந்த டம்பெல் தானும் ஆடி அந்த ஆற்றலைத் தின்றுவிடுகிறது.

இரும்புப் புகைபோக்கிக்கு வாருங்கள். விட்டம் 2 மீட்டர், நொடிக்கு ஒருமுறை ஆடுவது அதன் இயல்பு என்று கொண்டால், சுழல்களின் தாளம் எப்போது அதோடு ஒத்துப்போகும்? 1 × 2 ÷ 0.2, நொடிக்கு 10 மீட்டர், அதாவது மணிக்கு 36 கி.மீ. புயலே தேவையில்லை. ஆடி மாதக் காற்று போதும். இதற்காகத்தான் புகைபோக்கிகளின் மேல்பகுதியில் திருகாணி மரைபோல் தகடு சுற்றியிருக்கும். அழகுக்கு என்றே நெடுநாள் நினைத்திருந்தேன். பிரிட்டனின் தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் ஸ்க்ரூட்டன் குழுவினர் உருவாக்கிய உத்தி அது. தகடு, ஓட்டம் பிரியும் இடத்தை ஒவ்வொரு உயரத்திலும் ஒவ்வொரு கோணத்துக்கு மாற்றிவிடுகிறது. சுழல்கள் ஒரே நேரத்தில் கழல முடியாமல் தாளம் குலைகிறது. கவனியுங்கள், இங்கும் மருந்து தோலில்தான்.

பின்தடம் தன் சொந்தக்காரரைவிடப் பின்னால் நிற்பவருக்கே அதிகத் தொல்லை தருவதும் உண்டு. இங்கிலாந்தின் ஃபெர்ரிபிரிட்ஜ் மின்நிலையத்தில் 1965 நவம்பர் 1 அன்று பலத்த காற்றில் எட்டுக் குளிர்விப்புக் கோபுரங்களில் மூன்று சரிந்தன. விழுந்தவை காற்றை நேராக வாங்கிய முன்வரிசைக் கோபுரங்கள் அல்ல, அவற்றின் பின்தடத்தில் நின்றவை.

சுழல்வரிசை என்றதும் எல்லாரும் காட்டும் அமெரிக்காவின் டகோமா தொங்குபாலத்தை நான் இந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. 1940 நவம்பர் 7 அன்று மணிக்கு சுமார் 67 கி.மீ. காற்றில் அது முறுக்கிக்கொண்டு விழுந்தது உண்மை. ஆனால் பாலம் முறுகியது ஐந்து நொடிக்கு ஒருமுறை. அந்தக் காற்றில் அதன் பக்கத் தகடுகளிலிருந்து சுழல்கள் கழன்றிருக்க வேண்டியது நொடிக்கு ஒன்று வாக்கில். தாளம் பொருந்தவில்லை. பாலத்தின் சொந்த அசைவே காற்றிலிருந்து மேலும் மேலும் ஆற்றலை வாங்கியதுதான் அங்கே நடந்தது. பில்லா, ஸ்கான்லன் என்ற இரு ஆய்வாளர்கள் 1991இல் இதை விளக்கி எழுதிய பிறகும் பாடப்புத்தகங்கள் பழைய கதையை விடுவதாக இல்லை.

படி 8: உருளையை விட்டுப் பந்துக்கு

பந்துக்குப் பின்னால் ஒழுங்கான இரட்டை வரிசை வராது. சுற்றிலும் வழி திறந்திருப்பதால் முதலில் வளையம்போல் ஒரு சுழல் ஒட்டி நிற்கும். ரெனால்ட்ஸ் எண் 280 வாக்கில் அது கொண்டை ஊசி வடிவச் சுழல்களாகக் கழலத் தொடங்கும். அது ஒருபுறம் இருக்கட்டும், சுவாரசியமான பகுதி மேலே இருக்கிறது.

1912இல் பாரிசில் ஈஃபெல் (கோபுரம் கட்டியவரேதான்) காற்றுச் சுரங்கத்தில் அளந்த பந்தின் இழுவிசை, கெட்டிங்கனில் அளந்ததில் பாதிகூட இல்லை. யாரோ தப்பாக அளந்திருக்கிறார்கள் என்றே இரு தரப்பும் நினைத்திருக்க வேண்டும். உண்மையில் இருவரும் சரி. ஈஃபெலின் காற்று வேகம் கூடுதல். குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டினால் எல்லை அடுக்கே கொந்தளிப்பாகிவிடுகிறது. கொந்தளிப்பான அடுக்கு வெளியே உள்ள வேகமான காற்றை உள்ளே கலக்கிக் கொண்டுவரும். சோர்ந்த துளிக்குப் புதுத் தெம்பு. அது மேட்டில் இன்னும் மேலே, 120 டிகிரியையும் தாண்டி ஏறிவிடும். பின்தடம் ஒடுங்கும், இழுவிசை சட்டென்று விழும். உருளைக்கு இழுவிசைக் கெழு (அளவும் வேகமும் வேறான பொருள்களின் இழுவிசையை ஒப்பிட உதவும் எண்) 1.2இலிருந்து சுமார் 0.3க்கு இறங்குவதும் இதனால்தான். 1914இல் பிராண்டல் ஒரு பந்தின் மேல் மெல்லிய கம்பி வளையத்தை மாட்டி, வேகத்தைக் கூட்டாமலே இதை வரவழைத்தார். வழவழப்பைக் கெடுத்து எதிர்ப்பைக் குறைத்த சோதனை! கோல்ஃப் பந்தின் குழிகள் செய்வதும் அதே வேலை.

கிரிக்கெட் பந்தின் தையல் அந்தக் கம்பி வளையம்தான், ஒரு பக்கம் மட்டும். மணிக்கு 108 கி.மீ. வேகத்தில் 7.2 செ.மீ. பந்துக்கு ரெனால்ட்ஸ் எண் ஒன்றேகால் லட்சத்துக்கு மேல். அடுக்கு தானாகக் கொந்தளிக்கும் எல்லைக்குச் சற்றுக் கீழே. தையலைச் சாய்த்துப் போட்டால், தையல் இருக்கும் பக்கம் அடுக்கு கொந்தளித்துப் பின்னால் வரை ஒட்டிக்கொண்டு வரும். வழவழப்பான பக்கம் முன்பே பிரிந்துவிடும். பின்தடம் வழவழப்பான பக்கம் சாயும், பந்து தையலின் பக்கம் விலகும். அதுதான் ஸ்விங். வேகம் இன்னும் கூடி இரு பக்கமும் தாமாகவே கொந்தளித்துவிட்டால் தையல் உதவுவதற்குப் பதில் கெடுக்கும்: அடுக்கைத் தடிமனாக்கி அந்தப் பக்கத்தை முன்னதாகப் பிரியவைக்கும். பந்து எதிர்ப்பக்கம் போகும். ரிவர்ஸ் ஸ்விங். பழைய பந்தில் சொரசொரப்பான பக்கமும் இதே வேலையைக் குறைந்த வேகத்திலேயே செய்துவிடும்.

படி 9: கணினியில் செய்ய விரும்புகிறவர்களுக்கு

ஓப்பன்ஃபோம் போன்ற இலவச மென்பொருளிலோ, பைத்தானில் நூறு வரிகளுக்குள் எழுதக்கூடிய லாட்டிஸ் போல்ட்ஸ்மான் என்ற ஓட்டக் கணக்கீட்டு முறையிலோ இதைச் செய்யலாம். ரெனால்ட்ஸ் எண் 190க்குக் கீழே இருக்கும்வரை இருபரிமாணமே போதும். அதற்கு மேல் இருபரிமாணம் அழகான படம் தரும், ஆனால் பொய் சொல்லும். பக்கச் சுவர்களை உருளையிலிருந்து குறைந்தது பத்து விட்டமாவது தள்ளி வையுங்கள். நெருக்கமாக வைத்தால் நடுவில் ஓட்டம் நெருக்கப்பட்டு வேகமாகி, ஸ்ட்ரூஹால் எண் கூடுதலாக வரும்.

சரிபார்க்க இரண்டு அடையாளம் போதும். எண் 40இல் ஒட்டி நிற்கும் இரட்டைச் சுழலின் நீளம் விட்டத்தைப்போல் இரண்டேகால் மடங்கு வாக்கில் வர வேண்டும். எண் 100இல் ஸ்ட்ரூஹால் எண் 0.165க்கு அருகிலும், சராசரி இழுவிசைக் கெழு 1.33 முதல் 1.4க்குள்ளும் வர வேண்டும். இவை வராமல் வண்ணப் படத்தை யாருக்கும் அனுப்பாதீர்கள்.

புதிதாகச் செய்பவர்கள் எல்லாரும் ஒரு இடத்தில் மாட்டுவார்கள். எண் 100 கொடுத்திருப்பீர்கள், நிரல் நெடுநேரம் ஓடும், ஆனால் சுழல் கழலவே கழலாது. இரட்டைச் சுழல் நீண்டுகொண்டே போய்ச் சமச்சீராக நிற்கும். நிரலில் பிழை இல்லை. இடதும் வலதும் கடைசி தசமம் வரை ஒன்றாக இருந்தால் எந்தப் பக்கம் முதலில் கழல்வது என்று ஓட்டத்துக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். தொடக்கத்தில் உருளையை நடுவிலிருந்து ஒரு புள்ளி பக்கவாட்டில் தள்ளி வையுங்கள், அல்லது உள்ளே வரும் வேகத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு கோணல் கொடுங்கள்; தாளம் தொடங்கிவிடும். தட்டில் இழுத்தபோது உங்கள் கை நடுக்கமே அந்த வேலையைச் செய்துவிட்டது.